டீசல் வண்டியின் இன்டேக் மானிஃபோல்டைக் கழற்றிப் பார்த்தபோது

மூன்றாவது கியரில் மேடு ஏறிக்கொண்டிருந்தேன். வண்டியில் நான்கு பேர், பின்னால் சாமான். வழக்கமாக 2000 ஆர்பிஎம் தொட்டதும் முதுகைத் தள்ளுகிற அந்த இழுவை அன்றைக்கு வரவேயில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் கூடியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த வண்டி தெரியாத அளவுக்குக் கரும்புகை. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் விளக்கு எரிந்தது. அதற்கப்புறம் என்ன மிதித்தாலும் 2500-ஐத் தாண்ட மாட்டேன் என்று அடம் பிடித்தது. ஓரங்கட்டி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. அடுத்த மேடு வரைக்கும்தான்.

முதலில் பார்த்தவர் பானெட்டைத் திறந்தார், ஒரு ரேஸ் கொடுத்தார், மூடினார். "டர்போ போயிடுச்சு சார், மாத்திடுங்க."

டீசல் வண்டியில் இழுவை இல்லை, புகை வருகிறது என்றாலே, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் தலையில் பழியைப் போடுவது சுலபம். நானும் இரண்டு நாள் அதை நம்பினேன். மூன்றாம் நாள், அவ்வளவு செலவு செய்வதற்கு முன்னால் கையால் தொட்டாவது பார்ப்போம் என்று டர்போவுக்குள் காற்று போகும் ஹோஸைக் கழற்றினேன். இன்ஜின் நன்றாக ஆறியிருந்தது. நடுவில் இருக்கும் தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் ஒரு மயிரிழை ஆட்டம். அது இருக்கத்தான் செய்யும். தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுற்றுவது அது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் இல்லை. இறக்கைகள் கூட்டில் உரசிய தழும்பு எதுவும் இல்லை. நீலப்புகை வந்ததில்லை, சைரன் போன்ற ஊளையும் இல்லை. செத்துப்போன டர்போவுக்கு இவற்றில் ஒன்றாவது இருந்திருக்க வேண்டும்.

ஒரு சின்ன ஸ்கேனர் வைத்திருக்கிறேன். மாட்டிப் பார்த்தேன். இரண்டு கோடுகள், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்கள்: பி0299, பி2015. முதலாவது, டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம் கேட்ட அளவுக்கு வரவில்லை என்பது. இரண்டாவது, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மானிஃபோல்டுக்குள் இருக்கும் மடல்களின் நிலை சென்ஸார் இருக்க வேண்டிய எல்லைக்குள் இல்லை என்பது.

இந்த மடல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் இன்ஜின் நான்கு சிலிண்டர், 2 லிட்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று போக இரண்டு வழி. குறைந்த வேகத்தில் ஒரு வழியை ஒரு சின்ன மடல் மூடிவிடும். எல்லாக் காற்றும் மற்ற வழியாகச் சுழித்துக்கொண்டு உள்ளே போகும். சுழல் இருந்தால் டீசலும் காற்றும் நன்றாகக் கலக்கும், புகை குறையும். வேகம் ஏறினால் மடல் திறந்து இரண்டு வழியும் கிடைக்கும். நான்கு மடல்களும் ஒரே தண்டில் கோத்திருக்கும். தண்டின் ஒரு முனை மானிஃபோல்டுக்கு வெளியே வந்து, ஒரு லீவர் வழியாக மோட்டாரோடு சேரும். அந்த மோட்டாரிலேயே நிலை சென்ஸார். சில வண்டிகளில் மோட்டாருக்குப் பதில் வேக்வம் டப்பா இருக்கும். ஸ்வர்ல் ஃபிளாப் என்றால் மெக்கானிக்குகளுக்குப் புரியும்.

பி2015-ஐத் தேடினால் உடனே கிடைக்கும் வைத்தியம் ஒன்று உண்டு. விரல் நீளத்தில் ஒரு உலோகத் துண்டு. லீவர் தேய்ந்து எல்லை தாண்டி நகர்கிறது அல்லவா, அது தாண்டாதபடி முட்டுக்கொடுக்கும். சென்ஸார் மறுபடி எதிர்பார்த்த எண்ணைக் காட்டும், கோடு வராது. அரை மணி நேர வேலை. மாட்டினேன், கோடை அழித்தேன், விளக்கு அணைந்தது. வெற்றி என்றுதான் நினைத்தேன். இழுவை முழுதாகத் திரும்பவில்லை என்பது காலுக்குத் தெரிந்தது. ஆனால் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. கையால் செய்த வேலை அல்லவா!

மூன்று வாரம் கழித்து அதே மாதிரி மேடு, அதே புகை. இந்தத் தடவை பி0299 மட்டும்.

அப்போதுதான் டீசல் வண்டிகளிலேயே தலை நரைத்த ஒரு மெக்கானிக் அண்ணனைப் பிடித்தேன். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "கோடை அணைச்சியா, கோளாறை அணைச்சியா தம்பி?" என்றார். வண்டியைப் பார்க்க வருகிறேன் என்றார். அவர் வருவதற்குள் நானே கசிவைக் கண்டுபிடித்துக் காட்டிவிட வேண்டும் என்று ஒரு வீறாப்பு. பெட்ரோல் வண்டியில் பழகிய கை. இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, கார்ப் கிளீனர் ஸ்பிரேயை மானிஃபோல்டின் ஓரமெல்லாம் அடித்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் இன்ஜினில் கசிவு இருக்கும் இடத்தில் அது உள்ளே இழுக்கப்பட்டு ஐட்லிங் மாறும், உடனே தெரிந்துவிடும்.

"தம்பி, அதைக் கீழ வை" என்று குரல் மட்டும் முதலில் வந்தது.

இரண்டு தப்பு செய்திருந்தேன். பெட்ரோல் இன்ஜின் காற்றை நெரித்து ஓடுவது; அதன் மானிஃபோல்டுக்குள் எப்போதும் உறிஞ்சல் இருக்கும். டீசல் அப்படியில்லை. காற்று வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும், டீசலின் அளவைக் கூட்டிக் குறைத்துத்தான் சக்தி மாறும். ஐட்லிங்கில் மானிஃபோல்டுக்குள் இருப்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தமே. (பிரேக் பூஸ்டருக்கு டீசல் வண்டியில் தனி வேக்வம் பம்ப் வைப்பது இதனால்தான்.) உள்ளே இழுக்க எதுவும் இல்லாதபோது ஸ்பிரே என்ன காட்டும்? டீசலில் கசிவு வெளியே போகிற கசிவு. அதுவும் டர்போ அழுத்தும்போது, சுமையில் மட்டும்.

இரண்டாவது தப்புதான் பெரியது. எரியக்கூடிய எது காற்று வழியாக உள்ளே போனாலும் டீசல் இன்ஜின் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். சாவியை அணைத்தாலும் நிற்காது. அணைப்பது டீசலை மட்டும்தானே. கட்டுப்பாடில்லாமல் வேகம் ஏறி இன்ஜின் தன்னையே தின்றுவிடும். அப்படி ஆனால் மேல் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி, கிளட்சை விட்டு நிறுத்த வேண்டும், இல்லையென்றால் காற்று வழியை அடைக்க வேண்டும். கையை வைத்து அடைக்கவே கூடாது என்று அவர் சொன்ன விதத்தில், யாரோ வைத்ததைப் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது. கேட்கவில்லை.

அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. ஸ்கேனரை வாங்கிக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டபோது அழுத்த சென்ஸார் 1000 மில்லிபாரை ஒட்டிக் காட்டியது. வெளிக்காற்றின் அழுத்தம் அவ்வளவுதான். அந்த எண் சரியாக இருந்தால் சென்ஸார் பொய் சொல்லவில்லை என்று பொருள். அப்புறம் மேட்டில் மூன்றாவது கியரில் முழுசாக மிதிக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம் 2300 மில்லிபார். வந்தது 1900.

"காத்து எவ்வளவு எடுக்குது பாரு" என்றார். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் சென்ஸார், ஒரு தடவைக்கு ஒரு சிலிண்டருக்கு எத்தனை மில்லிகிராம் காற்று என்று காட்டும். இதைப் படிக்க ஒரு சின்னக் கணக்கு உதவும். 2 லிட்டர், நான்கு சிலிண்டர்: ஒன்றுக்கு 500 சிசி. ஒரு சிசி காற்று சுமார் 1.2 மில்லிகிராம். ஆக டர்போவே இல்லாமல் முழுசாக நிரம்பினால் 600 மில்லிகிராம். டர்போ ஏறத்தாழ இரண்டு மடங்கு அழுத்தும்போது, சூட்டையும் மற்ற இழப்பையும் கழித்து 1000-ஐ ஒட்டி வர வேண்டும். என் வண்டியில் வந்தது கிட்டத்தட்ட அவ்வளவு. உள்ளே எடுக்கும் காற்று சரியாக இருக்கிறது, ஆனால் அழுத்தம் ஏறவில்லை. எண்ணிவிட்ட காற்று வழியில் எங்கேயோ வெளியே போகிறது. கம்ப்யூட்டரோ அந்தக் காற்று சிலிண்டருக்குள் போய்விட்டது என்று நம்பி அதற்கேற்ற டீசலை ஊற்றுகிறது. கரும்புகைக்குக் காரணம் அதுதான்.

இதை நான் அப்புறம் மனசில் இப்படி வைத்துக்கொண்டேன்: காற்று நிறை சரி, அழுத்தம் குறைவு என்றால் கசிவைத் தேடு. அழுத்தம் சரி, நிறை குறைவு என்றால் அடைப்பைத் தேடு. அழுத்த சென்ஸார் அடைப்புக்கு முன்னால் இருக்கும் வண்டிக்குத்தான் இரண்டாவது பொருந்தும். என் வண்டியில் அது, டர்போ தள்ளும் காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலரின் குழாயில் இருந்தது.

கசிவு எங்கே என்பதற்கு, டர்போவின் நுழைவாயில் ஹோஸில் ஒரு மூடி போட்டு, அதில் டயர் வால்வைப் பொருத்தி, கம்ப்ரஸரிலிருந்து காற்றை மெதுவாக விட்டார். முதலில் இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸிலிருந்து ஆவி வெளியேறும் பிரீதர் ஹோஸைப் பிரித்து அடைத்தார். அதை மறந்தால் அழுத்தம் இன்ஜின் அடிவயிற்றில் ஏறி எண்ணெய் சீல்களைப் பிதுக்கிவிடும். 0.3 பாரில் ஒன்றும் இல்லை. சைலன்ஸர் பக்கம் லேசாக 'உஸ்' என்றது, நான் துள்ளினேன். "அது வால்வு திறந்திருக்கு, இன்ஜினைக் கொஞ்சம் திருப்பு" என்றார். கிராங்க்கைக் கையால் கொஞ்சம் சுற்றியதும் நின்றது. 0.8 பார் வந்ததும் இன்ஜினுக்கும் அதன் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரான ஃபயர்வாலுக்கும் நடுவே, கை போகாத இருட்டிலிருந்து சீறல். சோப்புத் தண்ணீரை அங்கே பீய்ச்சி, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பார்த்தோம். மடல் தண்டு வெளியே வரும் துளையைச் சுற்றி நுரை கொப்பளித்தது. அங்கிருந்து மோட்டார் உட்காரும் காது வரை, மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், மயிரிழை போல ஒரு வெடிப்பிலும் வரிசையாகக் குமிழிகள். அழுத்தத்தை எடுத்ததும் வெடிப்பு மூடிக்கொண்டது. எங்கே இருந்தது என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

நான் மாட்டிய உலோக முட்டு அதற்கு நேர் மேலே, பளபளவென்று.

கதை அப்போதுதான் கோவையாகப் புரிந்தது. உள்ளே கரி சேர்ந்து மடல்கள் இறுகியிருக்கின்றன. மோட்டார் ஒவ்வொரு தடவையும் முக்கி முக்கித் திருப்பியதில் தண்டின் புஷ் தேய்ந்து துளை நீள்வட்டமாகிவிட்டது, லீவர் தளர்ந்து எல்லை தாண்டியது. பி2015 வந்தது அங்கே. தண்டு ஆடியதில் பிளாஸ்டிக் மானிஃபோல்டில் வெடிப்பு விழுந்தது. பி0299 அங்கே. முட்டுக்கொடுத்து நான் முதல் கோடின் வாயை மட்டும் அடைத்திருக்கிறேன். லீவரே தேய்ந்த, உள்ளே சுத்தமாக இருக்கிற மானிஃபோல்டுக்கு அந்த முட்டு நல்ல வைத்தியம்தான். கையால் லீவரை நகர்த்தி, மடல் முழு வீச்சில் இலகுவாகப் போகிறதா என்று முன்பே பார்த்திருந்தால் எனக்கு மூன்று வாரம் மிச்சம்.

இனி கழற்றும் வேலை. மானிஃபோல்டு மாற்றுவது என்பது ஒன்பது போல்ட். அந்த ஒன்பது போல்ட்டை அடைவதுதான் ஒரு நாள் வேலை.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு இன்ஜின் முழுசாக ஆறும் வரை காத்திருந்தோம். காரணம் சூடு மட்டும் இல்லை. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் டீசல் ஓடும் அழுத்தம் முழுச் சுமையில் 1600 பாரைத் தாண்டும். அந்தக் குழாய் நட்டை இன்ஜின் ஓடும்போது தளர்த்தினால் ஊசி மாதிரித் தோலைக் குத்தி டீசல் உள்ளே ஏறிவிடும். பார்ப்பதற்குச் சின்னப் புள்ளியாக இருக்கும், கையே போகலாம். என் வண்டியில் இரண்டு அழுத்தக் குழாய்களைக் கழற்றியே ஆக வேண்டியிருந்தது. கழற்றிய உடனே வாய்களுக்கு மூடி போட்டார். தூசி போனால் இன்ஜெக்டர் காலி. அந்தக் குழாய்களைத் திரும்பப் போடலாமா, புதுசுதான் போடணுமா என்பதை வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுக்குப் புதுசு தேவைப்பட்டது. எரிந்த புகையைத் திருப்பி அனுப்பும் ஈஜிஆரின் கூலர் மானிஃபோல்டோடு ஒட்டியிருந்ததால் கூலன்ட்டையும் வடிக்க வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு பிளக்கைப் பிடுங்குவதற்கு முன்பும் ஃபோனில் ஒரு படம் எடுத்தேன். ஒரு அட்டையில் மானிஃபோல்டின் உருவத்தை வரைந்து, எந்த போல்ட் எங்கே இருந்ததோ அங்கேயே துளை போட்டுக் குத்தி வைத்தேன். அண்ணன் சிரித்தார். சாயங்காலம் இரண்டு போல்ட் மட்டும் மற்றதைவிடக் கால் அங்குலம் நீளம் என்று தெரிந்தபோது சிரிக்கவில்லை.

த்ராட்டில் ஃபிளாப் கூட்டைக் கழற்றியதும் மானிஃபோல்டின் வாய் தெரிந்தது. அது மூன்று விரல் நுழைய வேண்டிய ஓட்டை. ஒரு விரல்தான் நுழைந்தது. சுவரெல்லாம் கறுப்பு, மேலே வண்டிமை போலப் பிசுபிசுப்பு, நகத்தால் சுரண்டினால் அடியில் கெட்டியாக, அடுக்கடுக்காக. ஈஜிஆர் குழாய் வந்து சேரும் இடத்தில்தான் மோசம். எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே அனுப்புவது ஈஜிஆரின் வேலை. அதில் வருவது காய்ந்த கரி. இன்னொரு பக்கம் கிராங்க்கேஸ் பிரீதரிலிருந்து எண்ணெய் ஆவி வரும். தனியாக வரும் கரி ஓரளவு காற்றோடு போய்விடும், தனியாக வரும் எண்ணெய் வடிந்துவிடும். இரண்டும் சேரும்போதுதான் இந்தத் தார். ஆக, கசிவு மட்டும் இல்லை, அடைப்பும் இருந்திருக்கிறது. கசிந்த காற்றும் சேர்ந்து கணக்கில் வந்ததால் ஸ்கேனரில் அடைப்பு தெரியாமல் போயிருக்கிறது. நான் மேலே சொன்ன அழகான விதி இரண்டு கோளாறும் ஒன்றாக வந்தால் இப்படித்தான் ஏமாற்றும்.

வெடிப்பை எபாக்ஸி வைத்து ஒட்டலாமே என்று கேட்டேன். அண்ணன் பதில் சொல்லவில்லை. கழற்றிய மானிஃபோல்டை என் கையில் கொடுத்து, "தண்டை ஆட்டிப் பாரு" என்றார். துளையில் அது கடகடவென்று ஆடியது. ஒரு மடல் மட்டும் மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் பின்தங்கித் திரும்பியது. அது கழன்று உள்ளே போனால் வால்வையோ பிஸ்டனையோ பதம் பார்த்துவிடும். சில பழைய டீசல் இன்ஜின்களில் மடலைப் பிடிக்கும் திருகு கழன்று விழுந்து இன்ஜினே நாசமான கதைகள் இருக்கின்றன. புது மானிஃபோல்டு என்று முடிவாயிற்று. அலுமினிய மானிஃபோல்டு, நல்ல தண்டு, வெறும் அடைப்பு என்றால் சுத்தம் செய்து மாட்டுவதே போதும். புதுசு வாங்கச் சொல்லுகிறவரிடம் ஏன் என்று கேட்கலாம்.

புது மானிஃபோல்டு வந்துவிட்டது, மாட்டிவிடலாம் என்று நான் பறந்தபோது, அண்ணன் டார்ச்சை இன்ஜின் தலையின் பக்கம் அடித்தார். சிலிண்டருக்குள் போகும் வாய்களிலும் அதே தார். அதை விட்டுவிட்டுப் புது மானிஃபோல்டு போட்டால் பாதி வேலைதான்.

இந்த இடத்தில் அவசரம் கூடவே கூடாது. வாய்க்கு அந்தப் பக்கம் வால்வு. வால்வு திறந்திருக்கும்போது சுரண்டினால் கரிக்கட்டி நேராகப் பிஸ்டன் மேல் விழும். ஒரு சிலிண்டரை அழுத்த வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்தால் அதன் எல்லா வால்வும் மூடியிருக்கும். கிராங்க் போல்ட்டில் ஸாக்கெட் போட்டு, இன்ஜின் ஓடும் திசையில் மட்டும் சுற்ற வேண்டும். பின்னால் சுற்றினால் டைமிங் பெல்ட்டின் இறுக்கம் கெடலாம். அரைச் சுற்றுக்கு ஒரு சிலிண்டர்: 1, 3, 4, 2 என்ற வரிசை. ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்ற மூன்று சிலிண்டரின் வாய்களிலும் துணி. எத்தனை துணி என்று சுவரில் எழுதி வைத்தோம். பிளாஸ்டிக் கத்தியும் பழைய பல்துலக்கியும் வைத்துச் சுரண்டி, உதிர்ந்ததை வேக்வம் கிளீனரின் முனையில் சின்ன ஹோஸைச் செருகி இழுத்து எடுத்தோம். ஸ்பிரேயை நேராக வாய்க்குள் அடிக்காமல் துணியில் நனைத்துத் துடைத்தோம். ஏதாவது திரவம் உள்ளே தேங்கினால் சுற்றுவதற்கு முன் சிரிஞ்ச் வைத்து உறிஞ்சிவிட வேண்டும். திரவம் அமுங்காது, பிஸ்டன் அதில் முட்டினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சிலிண்டருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. இதற்கென்று வால்நட் ஓட்டுத்தூளைக் காற்றோடு பீய்ச்சும் கருவி உண்டு, பத்து நிமிடத்தில் முடியும். எங்களிடம் இல்லை.

மூன்றாவது சிலிண்டரில் என் மேல் சட்டைப் பையிலிருந்து ஒரு வாஷர் விழுந்தது. எங்கே என்று தெரியவில்லை. 'டிங்' என்ற ஒரு சத்தம் மட்டும். அடுத்த நாற்பது நிமிடம் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. காந்தக் கம்பி, கண்ணாடி, டார்ச் என்று எல்லாம் போட்டுத் தேடி, கடைசியில் கியர்பாக்ஸ் மேல் ஒரு குழியில் கிடைத்தது. "சட்டையைக் கழட்டிட்டு வேலை பாரு" என்றார். அதன்பின் இன்ஜின் வாய் திறந்திருக்கும்போது மேல் பையில் நான் எதுவும் வைப்பதில்லை.

த்ராட்டில் கூடும் ஈஜிஆர் குழாயும் பழையதுதான், ஆகவே சுத்தம் செய்ய வேண்டும். டீசலில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் பிசுக்கு இளகிவிடும், அடியில் இருக்கும் கெட்டிக் கரியைத்தான் சுரண்ட வேண்டும். வீட்டு அடுப்பு சுத்தம் செய்யும் ஸ்பிரே நன்றாகக் கரைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதில் பல ரகங்களில் காஸ்டிக் சோடா இருக்கிறது. குப்பையில் கிடந்த ஒரு அலுமினியத் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பொங்கிக் குமிழி விட்டு, துடைத்தால் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறத்தில் அரித்திருந்தது. அலுமினியத்தில் காஸ்டிக் படக்கூடாது. பிளாஸ்டிக் பாகத்தில் சூடு காட்டக்கூடாது. மோட்டார், சென்ஸார் இருக்கும் பக்கம் எதிலும் முக்கக்கூடாது. எதைப் போட்டுக் கழுவினாலும் ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். காற்று வழியில் தேங்கிய சால்வென்ட், அண்ணன் என்னைத் திட்டிய அதே ஆபத்து. அழுத்த சென்ஸாரின் மூக்கிலும் கரி அப்பியிருந்தது. அதை மென்மையான பிரஷ்ஷால் எடுத்தோம், ஊசி வைத்துக் குத்தவில்லை.

மாட்டுவது கழற்றியதில் பாதி நேரம். இன்ஜின் தலையின் முகத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, பழைய கேஸ்கெட் துணுக்குகளைத் துடைத்தோம். புது கேஸ்கெட்டுக்கு மேல் சிலிக்கான் பேஸ்ட் தடவ வேண்டாம். பிதுங்கி உள்ளே போகும் துளி எங்கே போய்ச் சேரும் என்று யோசித்தால் போதும். போல்ட்டுகளை எல்லாம் முதலில் கையாலேயே உட்கார வைத்து, நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறி, இரண்டு சுற்றாக இறுக்கினோம். என் வண்டிக்குக் கையேடு சொன்னது 9 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்றபோது, 'அவ்வளவுதானா, இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே' என்று கை துடித்தது. அந்தக் கொஞ்சத்தில்தான் பிளாஸ்டிக் வெடிக்கும், அலுமினியத்தில் மரை போகும்.

சுவரில் எழுதிய எண்ணிக்கையும் வெளியே வந்த துணியும் ஒத்துப்போனதைப் பார்த்துவிட்டுத்தான் மானிஃபோல்டை வைத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

பேட்டரியை மாட்டியதும் ஸ்டார்ட் செய்யாமல், சாவியைப் பல தடவை போட்டுப் போட்டு எடுத்து டீசல் பம்ப்பை ஓட விட்டோம். காலியான குழாய்களில் டீசல் நிரம்ப வேண்டும். அப்புறம் ஸ்கேனரில் மடலின் இரண்டு எல்லைகளையும் புதிதாகக் கற்றுக்கொள்ளும் அடாப்டேஷன். இதைச் செய்யாவிட்டால் புது மோட்டாருக்குப் பழைய எண்களே மனசில் இருக்கும், பி2015 மறுபடி வந்து நிற்கும், புது மானிஃபோல்டும் கெட்டது என்று தோன்றும். மலிவான ஸ்கேனர்களில் இந்த வசதி இருக்காது; என்னுடையதில் இல்லை, அவருடையதில் செய்தோம். ஸ்டார்ட் ஆக நீண்ட நேரம் எடுத்தது. பிடித்ததும் ஒரு நிமிடம் சாம்பல் புகை, தடுமாற்றம், அப்புறம் சீரானது. குழாய் நட்டுகளில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க விரலை ஓட்டப் போனேன். ஒரு அட்டைத் துண்டை நீட்டினார். இன்ஜின் ஓடும்போது விரலுக்கு அங்கே வேலையில்லை.

அதே மேடு. 2300 கேட்டது, 2280 வந்தது. புகை இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள், "பிரீதரைப் பார்த்தியா?" என்றார்.

பார்க்கவில்லை. புது மானிஃபோல்டுக்குள் மறுபடி தார் வரக் கூடாது என்றால் இரண்டில் ஒன்றையாவது குறைக்க வேண்டும். பிரீதர் ஹோஸுக்குள் எண்ணெய் நனைந்து சொட்டியது. வால்வு கவரில் இருக்கும் எண்ணெய் பிரிப்பானின் ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. எண்ணெய் ஆவியைப் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டியது, அப்படியே காற்றோடு விட்டிருக்கிறது. சின்ன பாகம். அது முதலில் கெட்டு, மீதி எல்லாம் அதன் பின்னால் வந்திருக்கலாம். என் பங்கும் உண்டு: ஐந்து நிமிடப் பயணமாகவே ஓட்டி, இன்ஜின் ஒழுங்காகச் சூடேறவே விடாமல் வைத்திருந்தேன்.

ஈஜிஆரை அடைத்துவிடு என்று பலர் சொன்னார்கள். கரியே வராதுதான். ஆனால் அது இருப்பது நைட்ரஜன் ஆக்ஸைடு புகையைக் குறைக்க. அடைத்தால் பல வண்டிகளில் அதற்கே ஒரு கோடு வரும், பல நாடுகளில் சட்டப்படியும் தப்பு. எனக்கு அது வேண்டாம் என்று பட்டது. சவ்வை மாற்றினேன், எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றினேன், வாரத்தில் ஒரு நாளாவது இருபது முப்பது நிமிடம் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறேன்.

10,000 கிலோமீட்டர் கழித்து த்ராட்டில் கூட்டை மட்டும் கழற்றி உள்ளே விரலை விட்டேன். மூன்று விரலும் போயிற்று. விரலில் ஒட்டியது காய்ந்த கரித்தூள், ஊதினால் பறந்தது. அந்த உலோக முட்டு டூல் பாக்ஸின் அடியில் கிடக்கிறது; 10 மில்லிமீட்டர் ஸாக்கெட்டைத் தேடும்போதெல்லாம் முதலில் கையில் அகப்படுவது அதுதான்.